சிஸ்டரிடம் சொன்னால் போதும்

"இது சுகருக்கு நல்லது" என்று யாராவது சிஸ்டரிடம் சொல்லிவிட்டால் போதும். மறுநாள் காலைக்குள் அது அவர் வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். சொன்னவர் டாக்டரா, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்து அக்கறையாக இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயைப் பற்றி எங்கள் தெருவுக்கே வகுப்பெடுக்கக் கூடியவர். அப்படிப்பட்டவர்தான் வெண்டைக்காயைக் கீறித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தக் கொழகொழப்பை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஆவாரம்பூக் கஷாயம் குடித்தார். நாவல் கொட்டைப் பொடி தின்றார். பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலுக்குத் தொழில்முறையிலும் ஒரு காரணம் உண்டு.

நான் அப்போது சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட், மசாலா, சோப்பு, பட்டாசு என்று எல்லாவற்றுக்கும் மேலுறை. ஆர்டர் கொடுத்தவர் இலை போடச் சொன்னால் இலை போடுவோம். இதயம் போடச் சொன்னால் இதயம். பச்சையைக் கொஞ்சம் கூட்டினால் சரக்கு உடம்புக்கு நல்லதாகிவிடும். ஓரத்தில் தங்க நிறம் ஓட்டினால் பரம்பரைத் தயாரிப்பாகிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தால் போதும், கடையில் எதைக் கையில் எடுத்தாலும் நம்பிக்கை வராது. ஒரு பாக்கெட் உப்பு வாங்குவதற்குள் எனக்கு நூறு சந்தேகம் வந்துவிடும்.

விஸ்வநத்தம் போகிற பக்கத்தில் ஒரு தெரு. மொட்டைமாடியில் தனியாகக் கட்டியிருந்த ஒற்றை அறையில் நான் இருந்தேன். என் ஊர் தேனிப் பக்கம். சீசன் நேரத்தில் மாதக்கணக்கில் ஊருக்குப் போக முடியாது. கீழ்வீடு சிஸ்டருடையது. பால்காரரிலிருந்து தேவாலயச் சபை ஊழியர் வரை எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை உள்ளவர்கள் எல்லாரும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகளைப் படிக்க வைத்து ஆளாக்கியிருந்தார். அவள் துபாயில் குடும்பத்தோடு இருந்தாள்.

அந்தப் பெண் தினமும் அத்தைக்கு வாட்ஸப்பில் ஏதாவது அனுப்புவாள். ஒன்றுகூட அவள் கைப்பட எழுதியதாக இருக்காது. எங்கிருந்தோ வந்து, எங்கேயோ போகிற வழியில் இங்கேயும் இறங்கியவை. வெந்தயத்தின் நன்மைகள். கறிவேப்பிலையின் அற்புதங்கள். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படிப்பார். செய்து பார்ப்பார். பிறகு ஒற்றை விரலால் பொறுமையாகப் பதில் தட்டுவார்: 'வெந்தயம் சாப்பிட்டேன் பாப்பா. கொஞ்சம் கசக்கிறது. வயிறு நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனார்களா?' பதில் வராது. மறுநாள் காலை முருங்கைக்கீரையைப் பற்றி ஒன்று வரும்.

"அவளுக்கு நேரமில்ல தம்பி. ஆனா மறக்காம அனுப்புறா பாத்தீகளா?" என்பார்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். கையெல்லாம் வெள்ளிப் பொடி மினுங்க இறங்குவார். ஒருநாள் இறங்கியதும் நேராக சிஸ்டர் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"சிஸ்டர், நீங்க காப்பிக்குச் சீனி போடாம குடிக்கீகளாமே? எதுக்கு நாக்கைக் கெடுக்கீக? சீனிதான் வெசம். கருப்பட்டி பனையில இருந்து வாரது. அது சுகரை ஏத்தாது. எங்க கம்பெனியில அம்புட்டுப் பேரும் கருப்பட்டிதான். தூசியும் நெஞ்சுல நிக்காது."

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நான் நின்றேன். அக்கா போனதும் கேட்டேன்.

"சிஸ்டர், கருப்பட்டியும் சர்க்கரைதானே?"

"ஆமா தம்பி."

"அதுவும் சுகரை ஏத்தும்ல?"

"ஏத்தாம? நான் எத்தனை பேஷண்டுக்குச் சொல்லியிருப்பேன்."

மறுநாள் சாயங்காலம் வேன் வருகிற நேரத்துக்கு சிஸ்டர் கையில் டம்ளரோடு வாசலில் நின்றார். "தாயி, நீ சொன்னியேன்னு போட்டேன். சுக்கும் தட்டிப் போட்டேன். நல்லாத்தான் இருக்கு" என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நான்தான் சொன்னேன்ல!" என்று அங்கேயே நின்றார். கருப்பட்டியில் தொடங்கிய பேச்சு, கம்பெனி போர்மேனுடைய குணம், மாமியார் வைத்த குழம்பு என்று போய்க்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்ட பிறகுதான் அக்கா நகர்ந்தார். அதற்கப்புறம் வேன் வந்தால் சிஸ்டர் டம்ளரோடு நிற்பது வழக்கமாகிவிட்டது.

தெரு முக்குக் கடை அண்ணாச்சி வேறு மாதிரி. பலசரக்குக் கடை வைத்திருந்தும் சிஸ்டரிடம் எதையும் விற்கப் பார்க்க மாட்டார். நல்ல மனுஷர். அவர் சொன்னது நடை. "தரையில பெருசா எட்டு போட்டு, அதுமேலயே நடங்க சிஸ்டர். ஆனா செருப்பு போடக் கூடாது. வெறுங்காலுதான். அப்பத்தான் நரம்பெல்லாம் தூண்டும்" என்று சொல்லி, காகிதத்தில் எட்டைப் போட்டும் காட்டினாராம். சிஸ்டர் சாக்பீஸ் வாங்கிவந்து என் அறை வாசலுக்கு முன்னால், மாடித்தரை முழுக்க ஒரு எட்டைப் போட்டார். தினமும் நான் பல் தேய்க்க வெளியே வந்தால் சிஸ்டர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உதடுகள் ஏதோ ஜெபம் முணுமுணுக்க, எட்டைச் சுற்றி வந்துகொண்டிருப்பார். நான் எட்டின் நடுவில் கால் வைத்துவிடாமல் ஓரமாகக் குழாயடிக்குப் போவேன்.

"ஊர்ல ஒருத்தன் தலைகீழா நிக்கச் சொன்னா நிப்பீகளா சிஸ்டர்?" என்று கேட்டேன் ஒருநாள். அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் தொற்றியிருந்தது.

"யாரு சொல்றாகன்னு பாக்கணும்" என்றார் சிரித்துக்கொண்டே.

பவுடர் விற்கிற பெண் வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. சனிக்கிழமை தோறும் ஸ்கூட்டியில் வருவாள். எடை பார்க்கிற மெஷின் ஒன்று, ஒரு பை நிறைய டப்பாக்கள். தெருவில் மற்ற வீடுகளில் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள். சிஸ்டர் வீட்டில் உள்ளே போய், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். பாலில் கலந்து குடிக்கிற ஏதோ சத்து மாவு. சுகரை வேரோடு எடுத்துவிடுமாம். ஆனால் ஒரு நிபந்தனை: மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் வேலை செய்யாது. மாத்திரையை நிறுத்த வேண்டும்.

சிஸ்டர் நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்தது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மேஜைமேல் அந்த டப்பா இருந்தது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் மேலுறை நான் செய்தது.

"சிஸ்டர், இந்த இலை இருக்குல்ல, இது எதோட இலைன்னு எனக்கே தெரியாது. கம்ப்யூட்டர்ல கிடந்துச்சு, எடுத்துப் போட்டேன். இங்கன பாருங்க, 'இயற்கையின் வரம்'. இது நான் எழுதினது. ஆர்டர் குடுத்தவன் ஏதாச்சும் நல்லதா எழுதுங்கன்னான், டீ வர்றதுக்குள்ள எழுதினேன்."

சிஸ்டர் டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நீங்கதானா? நல்லா இருக்கு தம்பி. எழுத்து தெளிவா இருக்கு" என்றார்.

"நான் சொல்றது உங்களுக்கு ஏறுதா இல்லையா? இது ஒண்ணுத்துக்கும் ஆகாது. மாத்திரையை விட்டா என்ன ஆகும்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் குடிக்கீக?"

குழம்பை என் தட்டில் ஊற்றினார். பிறகு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் இருந்த நாட்களைப் பற்றிச் சொன்னார். பட்டாசுக் கம்பெனியில் வெடித்து, தூக்கிக் கொண்டுவந்து போட்டவர்களுக்குச் சாப்பாடே இறங்காதாம். பாலில் முட்டையை அடித்துக் கலக்கி எடுத்துக்கொண்டு போவாராம். டாக்டர் சொல்லியும் குடிக்காதவர்கள் இவர் போய் நின்றால் குடிப்பார்களாம்.

"அவுக பொளைச்சுக்கிடுவோம்னு நம்பியா குடிச்சாக? இந்தப் பொம்பள டம்ளரைத் தூக்கிட்டு வந்து நிக்காளே, வேண்டாம்னு சொன்னா மனசு வாடிரும்னு குடிச்சாக. நான் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன். குடிச்சுட்டு, 'எறங்கிருச்சு சிஸ்டர்'னு சொல்லுவாக பாருங்க... அதைக் கேக்கணும் தம்பி." டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். "இந்தப் பிள்ளையும் வெயில்ல அலைஞ்சு வந்து அம்புட்டு நேரம் உக்காந்து சொல்லுது. அதுகிட்டப் போயி நான் வேண்டாம்ங்கட்டுமா?"

எனக்குக் கோபம் தணியவில்லை. மாத்திரையைக் கட்டாயம் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சரி என்றார். யார் சொன்னாலும் அவர் சரி என்றுதான் சொல்வார்.

தீபாவளி வந்தது. சிவகாசிக்காரர்கள் வெடிப்பதில்லை, விற்பதோடு சரி என்று வெளியூரில் பேசிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த நியாயமெல்லாம் கிடையாது. எங்கள் மாடியில் தெருப் பிள்ளைகள் ஆசை தீர மத்தாப்புக் கொளுத்தினார்கள். நான் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பையை இறக்கி வைத்தபோது, சாக்பீஸ் எட்டின்மேல் அங்கங்கே காய்ந்துபோன பழுப்புக் கறை தெரிந்தது. ஏதோ சாயம் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோது அது ஒரு பாதத்தின் ஓரம். எட்டு முழுவதும் அந்தப் பாதம் விடாமல் வந்திருந்தது. எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி ஒன்றும் ஓரத்தில் கிடந்தது.

கீழே ஓடினேன். சிஸ்டர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காலில் கட்டு.

"ஒண்ணுமில்ல தம்பி. கம்பி குத்தியிருக்கு போல. எனக்கு உறைக்கவே இல்ல. வீட்டுத் தரையில கறையைப் பாத்துட்டு யாருக்கு ரத்தம்னு தேடுறேன், பாத்தா எனக்குத்தான்" என்று சிரித்தார். "நானே டிரெஸ்ஸிங் பண்ணிட்டேன்."

டிரெஸ்ஸிங்கை அவர் சுத்தமாகத்தான் செய்திருந்தார். அது மட்டுமாக இருந்தால் தேவலை. அடுத்த ஒரு வாரத்துக்குத் தெரு முழுக்க வந்து பார்த்தது. வந்தவர்கள் சும்மா போகவில்லை. ஒருவர் மஞ்சளும் சுண்ணாம்பும் சொன்னார். ஒருவர் புகையிலைச் சாம்பல். ஒருவர் ஏதோ தழையைக் கசக்கிக் கையோடு கொண்டுவந்தார். சிஸ்டர் எல்லாவற்றையும் வைத்துக் கட்டினார். அந்த வாரம் அவரைப்போல் மகிழ்ச்சியாக ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாடை வர ஆரம்பித்த பிறகு நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஆட்டோ ஒன்றைப் பிடித்து ஏற்றினேன்.

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில், ஆமத்தூர் தாண்டும்போது, ஆட்டோ ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்து, "சுகர் புண்ணாம்மா? எங்க மாமாவுக்கு வேப்பெண்ணெயிலதான் ஆறுச்சு" என்றார். சிஸ்டர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "காச்சிப் போடணுமா, பச்சையாவா?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டைப் பிரித்ததும் முகம் மாறியது. பிறகு சுகரைப் பார்த்தார்.

"என்னம்மா இது? நர்ஸா இருந்தேன்னு சொல்றீங்க. என்னென்ன சாப்பிட்டுட்டு இருந்தீங்க? யார் சொல்லி மாத்திரையை விட்டீங்க?"

சிஸ்டர் மேலே பார்த்து யோசித்தார். "மாவு, சனிக்கெழமை வர்ற பிள்ளை சொன்னது. கருப்பட்டி, பக்கத்து வீட்டுத் தாயி சொன்னா. நடக்குறது அண்ணாச்சி. வெந்தயமும் கீரையும் எங்க பாப்பா துபாயில இருந்து சொல்றது. வெண்டைக்கா, சபையில எனக்குப் பக்கத்துல உக்காருறவுக. மஞ்சப்பத்து பால்காரர் வீட்டுக்காரி..."

சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொருவரைப் பற்றிச் சொல்லும்போதும் குரலில் ஒரு பெருமை. யாராவது சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்டால் நாம் சொல்வோமே, அப்படி. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த மனுஷிக்கு உலகத்தில் இருந்த ஆட்கள் அவ்வளவு பேரும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

"இனிமே ஒருத்தர் பேச்சையும் கேக்கக் கூடாது. நான் எழுதிக் குடுக்கறது மட்டும்தான். புரியுதா?" என்றார் டாக்டர்.

"சரிங்க டாக்டர்" என்றார் சிஸ்டர்.

சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். காலையே எடுக்க வேண்டியது, தப்பித்தது என்றார் டாக்டர். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடமும் அதையே சத்தமாகச் சொன்னார்: "ஆளாளுக்கு வைத்தியம் சொல்லி இவங்க காலைக் கொண்டுபோகப் பாத்தீங்க." அக்கா அழுதுகொண்டே ஊர் திரும்பினார். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். சிஸ்டர் விஷயத்தில் ஊர் வாய் ஒரே நாளில் மூடிக்கொண்டது. வீடு திரும்பியவரைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று, "பாத்து இருங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். வேறு எதைப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வேனிலிருந்து இறங்கும் அக்கா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். கருப்பட்டி கேட்டதற்கு அண்ணாச்சி, "ஐயையோ, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் சிஸ்டர்" என்று கும்பிட்டாராம். பவுடர் பெண்ணின் ஸ்கூட்டி எங்கள் தெருவுக்குள் திரும்பவே இல்லை. துபாய்ப் பெண் போன் செய்து ஒரு மூச்சு அழுதாள், இனிமேல் எதையும் அனுப்ப மாட்டேன் அத்தை என்றாள். சொன்னபடியே நடந்துகொண்டாள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் அவருக்கு நல்லதைத்தான் செய்தார்கள்.

சிஸ்டர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டார். அளந்து சாப்பிட்டார். சுகர் இறங்கிக்கொண்டே வந்தது. நான் அச்சகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடாது. கேட்டால், "தலை வலிக்குது தம்பி" என்பார். சாயங்காலம் வேன் சத்தம் கேட்டால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். நானும் அவரிடம் இரண்டொரு வார்த்தைக்குமேல் பேசியதில்லை. காலண்டர் சீசன், அச்சகத்தில் மூச்சு விட நேரமில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்தவர், வெள்ளைச் சேலையோடு மாடிப்படி ஏறி வந்தார். இரண்டு விரல் போன காலோடு கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறார். நான் பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டேன். கைப்பையிலிருந்து ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டை எடுத்து நீட்டினார்.

"மூணு மாசச் சர்க்கரை பாத்தாக தம்பி. நார்மலாம். டாக்டரம்மா எந்திரிச்சு வந்து கை குடுத்தாக."

"ரொம்ப சந்தோஷம் சிஸ்டர்!" உண்மையாகவே எனக்குச் சந்தோஷம்தான்.

"ஆமா" என்றார். காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். தெருவில் யாரோ போனார்கள், எட்டிப் பார்த்தார். எழுந்து போகவும் இல்லை.

"தம்பி, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீகளே?"

"கேளுங்க சிஸ்டர்."

"எனக்கு ஏதாச்சும் சொல்லுங்களேன்."

"என்ன சொல்ல?"

"ஏதாச்சும். இன்னது பண்ணுனா நல்லதுன்னு... ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக."

எத்தனையோ சரக்குக்கு எத்தனையோ நன்மை எழுதியவன் நான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்குக் கெடுதல் செய்யாததாக, கடையில் வாங்க வேண்டாததாக ஒன்றைத் தேடித் தேடிக் கடைசியில் சொன்னேன்.

"காலையில எந்திரிச்சதும் ஒரு டம்ளர் சுடுதண்ணி குடிங்க சிஸ்டர். ரொம்ப நல்லது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெறும் வயித்துலயா?"

"ஆமா. வெறும் வயித்துல."

"பல்லு வெளக்கிட்டா, அதுக்கு முன்னாலயா?"

"வெளக்கிட்டு."

"சூடு எப்பிடி இருக்கணும்? ஆத்திக் குடிக்கணுமா?"

"ஆத்தக் கூடாது. ஊதி ஊதி, மெதுவா."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இறங்கிப் போகும்போது படியில் நின்று, எதற்கு நல்லது என்று கேட்டார். எல்லாத்துக்கும் என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம். சிஸ்டர் மூச்சு வாங்க நின்றார். தலையை வாரிப் பின்னியிருந்தார்.

"குடிச்சுட்டேன் தம்பி."

"எப்பிடி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டு, நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். அடுப்பு பற்ற வைத்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.